சைவம் என்று ஒரு வரி

எல் அசஹார்
1986 மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள எத்தெல்வினா அக்காவுக்கு,

உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும். நான் சுகம். தோப்பெல்லாம் ஆரஞ்சுப் பூ பூத்துவிட்டதால் இரண்டு வாரமாகத் தும்மிக்கொண்டே லாரி ரிப்பேர் பார்க்கிறேன், மற்றபடி குறையில்லை. உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நாபோர் அத்தான் சுகமா?

வியாழக்கிழமை பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய பயறு மசியல் டின்னை டிரைவர் ஓதிலோன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். தோர்காஸின் அப்பா எலியேசர் ஐயா டின்னைத் திறந்ததும் ஸ்பூனோடு உட்கார்ந்துவிட்டார். மனைவி இறந்ததிலிருந்து அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? உன் மசியல் மட்டும் இறங்குகிறது. காலையில் ஒரு ரொட்டியில் தடவி, சாயங்காலம் ஒரு ரொட்டியில் தடவி. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. தோர்காஸுக்கும் எனக்கும் கல்யாணத் தேதியை அவரே சொல்லிவிட்டார்: அக்டோபர் ஐந்து. எனக்கு முப்பத்தாறு வயது ஆகிறது, அக்கா. இதற்கு மேல் காத்திருக்கத் தெம்பில்லை.

இப்போது ஒரு சின்ன விஷயம். நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். எங்கள் சனிக்கிழமை சபையில் யாரும் இறைச்சி தொடுவதில்லை, பன்றியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். உன் மசியலை ஒரு வாய் வைத்ததும் சுலமீத்தா அம்மாள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "இவ்வளவு ருசி எண்ணெயில வராது. இதுல பன்னிக்கொழுப்பு இருக்கு" என்றார். ஓர் அறை நிறைய ஆட்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"எங்கக்காகிட்ட ஜனவரியிலயே எழுதிட்டேன், நீங்கள்லாம் சைவம்னு" என்று நான் உடனே சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயமில்லை. உன் சாப்பாட்டுக் கடைச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? 'நாபோரின் சொந்தப் பன்றிக்கொழுப்பில் புரட்டிய மசியல்' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து.

ஆகவே ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. எங்களுக்கு வரும் டின்னில் கொழுப்பு உண்டா, இல்லையா?

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி
லிப்ராதோ


சாந்தா ரீத்தா
மார்ச் 23, குருத்து ஞாயிறு

தம்பி லிப்ராதோவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கால் வீக்கம் அப்படியேதான், நாள் முழுக்க நிற்கிற தொழிலில் வேறென்ன ஆகும்? உன் தும்மலுக்கு யூகலிப்டஸ் இலை போட்டு ஆவி பிடி. மாத்திரையை விழுங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் படுக்காதே.

கல்யாணத் தேதியைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் என்று கடைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். நீல நிறத்தில் ஒரு பாவாடை தைக்கக் கொடுத்தாயிற்று. தோர்காஸுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எழுது, மேசைவிரிப்பு பின்னிவிடுகிறேன்.

தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் கடையில் கால் வைக்க இடமில்லை. கள்ளி மடல் பொரியல், காய்ந்த இறால் அடை, பயறு மசியல் என்று கை ஓய்வதில்லை.

நீ கேட்டது. என் மசியலில் இறைச்சி எங்கேயப்பா இருக்கிறது? பயறு, வெங்காயம், வறுத்த மிளகாய், உப்பு. விரத வெள்ளிக்கிழமைகூட எங்கள் பாதிரியார் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். உங்கள் சுலமீத்தா அம்மாள் பாதிரியாரைவிடப் பெரிய விரதக்காரியா?

அத்தான் பன்றி பார்க்க மலைப்பக்கம் போயிருக்கிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். அடுத்த டின் இந்தக் கடிதத்தோடு வருகிறது. காலி டின்னைக் கழுவித் திருப்பி அனுப்பு.

உன் அக்கா
எத்தெல்வினா


எல் அசஹார்
ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். நான் சுகம், நீயும் அத்தானும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தும்மல் நின்றுவிட்டது. டின் கழுவியே வருகிறது.

அக்கா, நான் இறைச்சி உண்டா என்று கேட்கவில்லை. கொழுப்பு உண்டா என்று கேட்டேன். நம்மூரில் கொழுப்பை யாரும் இறைச்சி என்று எண்ணுவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? கோழி வேகவைத்த தண்ணீரில் சோறு பொங்கிவிட்டு 'இதில் இறைச்சி இல்லை' என்று சத்தியம் செய்கிற ஊர் நம்முடையது. முப்பது வயதுவரை நானும் அப்படித்தான் விரதம் இருந்தேன். இங்கே அந்தக் கதை செல்லாது.

உன் பதிலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைக் கேள். சனிக்கிழமை எலியேசர் ஐயா கூப்பிட்டார்.

"தம்பி, முப்பத்தோரு வருஷமா நான் ஒரு கோழிக்காலைக்கூடத் தொட்டதில்ல. உங்கக்கா எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க ஐயா."

"என்னன்னு?"

"அவங்க பாதிரியாரே சாப்பிடுறாராம் ஐயா."

பின்னாலிருந்து சுலமீத்தா அம்மாள், "பாதிரியார் ரெண்டு தட்டு சாப்பிடுறாருன்னா சந்தேகமே வேண்டாம், பன்னிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தோர்காஸ் சிரிக்கவில்லை. அவள்தான் சபைக்கு எழுத்தர். வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஒரு வார்த்தை கேட்டா உங்கக்கா ஒரு பக்கம் எழுதுறாங்களே, ஏன்?" என்றாள். எனக்கு என்ன தெரியும்?

அம்மா நினைவாகக் கேட்கிறேன், உண்டு அல்லது இல்லை. நீ எழுத மறந்தால் அத்தானையாவது எழுதச் சொல். கொழுப்பு உருக்குகிறவர் அவர்தானே?

லிப்ராதோ


சாந்தா ரீத்தா
மே 11

தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபிக்காதே. கடைவாய்ப் பல் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பிடுங்கிப் போட்டாயிற்று. இங்கே வெயில் கொளுத்துகிறது. கிணற்றில் வாளி தட்டுகிறது. நேற்று அன்னையர் தினம், அம்மா கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். உன் பங்குக்கும் ஒரு கட்டு வைத்தேன்.

தோர்காஸுக்கு மஞ்சள் பிடிக்கும் என்று நீ எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நானாக மஞ்சள் நூல் வாங்கிப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

மசியலைப் பற்றி. என்னை நம்புகிறவர்கள் சாப்பிடட்டும், நம்பாதவர்கள் சாப்பிட வேண்டாம். உன் மாமனாருக்குக் கெடுதல் வருகிற எதையும் நான் அனுப்பமாட்டேன். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்பது மாதிரி கேட்கிறாய்.

அத்தானுக்குச் சளி. தூங்குகிறார், எழுப்பவில்லை.

எத்தெல்வினா


எல் அசஹார்
மே 22

அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பல்வலி தீர்ந்ததில் சந்தோஷம். அத்தானுக்குச் சளி குறைந்ததா?

எனக்குத் தலை வெடிக்கிறது. ஐந்து வாரம் காக்கவைத்து, வெயில், கிணறு, நூல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். கேட்டதை மட்டும் எழுதவில்லை. ஒரு லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டால்கூட என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை கழற்ற முடியவில்லை!

இப்போது நிலைமை முற்றிவிட்டது. சபைக் குழு கூடி முடிவு செய்திருக்கிறது. சமைத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் வேண்டுமாம். அது வரும்வரை எலியேசர் ஐயா டின்னைத் தொடமாட்டார். அவர் மறுபடி ஒரு வாய் பாலோடு படுத்துக்கொள்கிறார். தோர்காஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காகிதம் வராவிட்டால் கல்யாணத்துக்கு அவர் சம்மதம் இருக்காது. இதை அவரே என்னிடம் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார்.

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். கூட ஒரு தாள் இருக்கிறது பார்: 'சாந்தா ரீத்தாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நான், எல் அசஹாருக்கு அனுப்பும் பயறு மசியலில் எந்த உயிரின் கொழுப்பையும் சேர்க்கவில்லை. இது சைவம்.' கீழே கையெழுத்துப் போட்டால் போதும். சேர்த்திருந்தால் அதையும் சொல்லிவிடு, இனிமேல் எண்ணெயில் செய், நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கல்யாணப் பந்தியில் நான் சொன்னதற்கு இன்னும் பழி வாங்குகிறாயா? 'இந்த ஆள் ஒருநாள் உன்னை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவான்' என்று சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். பதினேழு வயது வாய்த்துடுக்கு. அதற்காக நாலு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாய். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அத்தான் நல்லவர் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

லிப்ராதோ


எல் அசஹார்
ஜூன் 30

அக்காவுக்கு,

பதினைந்தாம் தேதி டின் வந்தது. கடிதம் இல்லை. இருபத்தாறாம் தேதி இன்னொரு டின் வந்தது. அதிலும் கடிதம் இல்லை. மூடியைத் திறந்து அடியில் ஏதாவது சொருகியிருக்கிறாயா என்றுகூடப் பார்த்தேன். ஓதிலோனைக் கேட்டேன். "உங்கக்கா நல்லாத்தான் இருக்காங்க, காகிதம் எதுவும் தரல" என்றார்.

ஆகவே நான் புரிந்துகொண்டேன். இல்லை என்றால் இல்லை என்று எழுத உனக்கு என்ன தடை? உண்டு என்பதால்தான் வாயை மூடிக்கொண்டாய்.

நேற்று முன்தினம் ஆராதனையில் எழுந்து நின்று, "கொழுப்பு இருந்திருக்கு. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். இனியும் இழுத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

எலியேசர் ஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அஞ்சு மாசம் தெரிஞ்சே குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். "உங்கக்கா கடைச் சுவத்துல எழுதியிருக்கறது உனக்குத் தெரியாதா?" என்றார். ஓதிலோன் யாரிடமோ சொல்லியிருக்கிறார். வயதான மனிதர், வெளியே போய் வாய்க்கால் ஓரத்தில் நின்று வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம்.

அக்டோபர் ஐந்து போய்விட்டது, அக்கா. மூன்று நாள் உபவாசம் இருக்கிறார். முடிந்ததும் மோதிரத்தைத் திருப்பித் தரச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

உன் ஒரு வார்த்தையால் வந்த வினை. சொல்லாத வார்த்தையால்.

லிப்ராதோ


சாந்தா ரீத்தா
ஜூலை 8

லிப்ராதோ,

இல்லை. இல்லை. இல்லை. ஒரு சொட்டுக் கொழுப்புகூட இல்லை. என்னைக் கேட்காமல் எழுந்து நின்று யார் உன்னை உளறச் சொன்னது?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். ஓதிலோன் மனைவி நாபோருக்குச் சொந்தம். படித்துவிட்டு அடுப்பில் போடு. யாருக்கும் காட்டாதே.

உன் அத்தான் போய்விட்டார். போன வருஷம் மே மூன்று, சிலுவைத் திருநாள். செருப்புக் கடை வைத்திருந்த பெண்ணோடு எல்லை ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். அன்று காலைதான் கடைசிப் பன்றியை அறுத்து, கொழுப்பை உருக்கி, டின்களில் ஊற்றி அடுக்கினார். செப்புக் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூடக் கழுவியதில்லை. கவிழ்த்திருந்த கொப்பரையைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கொழுப்பு ஆகஸ்டுவரை வந்தது. பிறகு நான் எங்கே போவேன்? இந்த ஊரில் பன்றி அறுக்கிற இன்னொருவன் அவருடைய சித்தப்பா மகன். அவனிடம் ஒரு கிலோ கொழுப்பு வாங்கினால் போதும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. பன்றி வாங்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பருத்திக்கொட்டை எண்ணெய் வாங்கி, கொழுப்பு டின்னிலேயே ஊற்றி வைத்துக்கொள்கிறேன். வெங்காயத்தைக் கருகும்வரை எண்ணெயில் விட்டு, எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் பயற்றைப் புரட்டுகிறேன். முதல் வாரம் சாப்பிடுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நாபோர் கொழுப்புன்னா நாபோர் கொழுப்புதான்" என்று சப்புக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சைவம் என்று நீ ஜனவரியில் எழுதியபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இந்த வட்டாரத்திலேயே கொழுப்பு இல்லாத பயறுப் பானை என்னுடையது ஒன்றுதான். நீ என் கொழுப்பைத் தேடி வந்து நின்றாய்!

இல்லை என்று எழுதியிருந்தால் நீ சும்மா இருப்பாயா? 'அத்தான் உருக்குகிற கொழுப்பு என்னவாயிற்று?' என்று அடுத்த பஸ்ஸில் கேள்வி வரும். அதற்கு நான் பதில் எழுத வேண்டும். நீ படிப்பாய். பந்தியில் அன்று சொன்னது உனக்கு நினைவு வரும். நீ வாய் திறந்து சொல்லமாட்டாய், ஆனால் நினைவு வரும். அதை என்னால் தாங்க முடியாது என்றுதான் பாதிரியார், பல், நூல் என்று எழுதித் தொலைத்தேன். போன மாதம் அதற்கும் மனம் இல்லை. நீ அனுப்பிய தாளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எத்தெல்வினா


எல் அசஹார்
ஜூலை 13

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்த மனிதன் இப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை. உனக்கு ஆண்டவர் பலம் தரட்டும். தைரியமாக இரு.

ஆனால் அக்கா, கொழுப்பு இல்லை! படித்ததும் பட்டறையிலேயே மண்டியிட்டுவிட்டேன். எலியேசர் ஐயா உபவாசத்தை முடித்தபின் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். மோதிரம் இன்னும் தோர்காஸின் கையில்தான் இருக்கிறது. இப்போது உன் கடிதத்தைக் காட்டினால் எல்லாம் நேராகிவிடும்.

யாருக்கும் காட்டாதே என்கிறாய். முழுவதையும் காட்ட மாட்டேன். முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கத்தரியால் வெட்டிவிடவா? அல்லது நான் அனுப்பிய தாளிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. அதில் அத்தானைப் பற்றி ஒன்றும் இல்லை. சுவரில் எழுதியிருப்பதைப் பற்றிக் கேட்டால் பழைய எழுத்து என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டில் எது என்று உடனே எழுது. தேதியை மறுபடி வாங்க இன்னும் நேரம் இருக்கிறது.

உன் கால் எப்படி இருக்கிறது?

லிப்ராதோ


சாந்தா ரீத்தா
ஆகஸ்டு 2

எல் அசஹார் சபைக் குழுவுக்கும் எலியேசர் ஐயாவுக்கும்,

உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். ஐயாவின் உடல் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

என் தம்பி ஒரு தாள் எழுதி அனுப்பியிருந்தான். அதில் கையெழுத்துப் போட எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தாள் பாதி உண்மை. நானே எழுதுகிறேன்.

நான் எத்தெல்வினா. பன்றி அறுத்துக் கொழுப்பு உருக்கி வந்த என் கணவர் நாபோர் போன வருஷம் மே மாதம் என்னை விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு போய்விட்டார். ஆகஸ்டு முதல் என் அடுப்பில் பருத்திக்கொட்டை எண்ணெய் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. ஜனவரி முதல் உங்களுக்கு வந்த எல்லா டின்னும் அந்த எண்ணெயில் செய்ததுதான். அது சைவம். ஐயா தொட்டது எதுவும் அவர் விரதத்தைக் கெடுக்கவில்லை. நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

ஜூலைவரை என் தம்பிக்கு இது தெரியாது. நான் அவனிடம் மறைத்தேன். அவன் உங்களை ஏமாற்றவில்லை.

யாராவது சுவரைப் பற்றிக் கேட்டால், அதற்கு நேற்று வெள்ளை அடித்துவிட்டேன். ஏணியில் நின்று அடிக்கும்போது கடைக்கு வருகிறவர்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ரொட்டி சுடுகிற எதுவிஹெஸ் அம்மாளிடம், "இனிமே கொழுப்பு இல்லை, எண்ணெய்தான், சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்றேன். "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டி. முதல் நாளே தெரியும். இறங்கு, கால் வீங்கியிருக்கு" என்றாள். ஒரு வருஷமாக ஊரே இல்லாத கொழுப்பைப் புகழ்ந்து சாப்பிட்டிருக்கிறது.

இந்தக் காகிதத்தை முழுவதுமாக வாசிக்கலாம். வெட்ட வேண்டாம்.

எத்தெல்வினா


எல் அசஹார்
ஆகஸ்டு 17

அக்கா,

காகிதத்தை நேற்று வாசித்தார்கள். சபை எழுத்தர் என்பதால் தோர்காஸ்தான் எழுந்து நின்று வாசித்தாள். சுலமீத்தா அம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. எலியேசர் ஐயா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்புப்பா" என்றார். அன்று சாயங்காலமே டின்னைத் திறந்துவிட்டார்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எனக்கு வாய்த்தது அப்படி இல்லை.

வாசலுக்கு வந்ததும் தோர்காஸ் பிடித்துக்கொண்டாள். "உங்கக்கா வீட்டுக்காரர் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீ ஒருநாள்கூட அவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டதில்லையா?"

"ஏன் கேக்கல? ஒவ்வொரு கடிதத்துலயும் கேட்டேன். சுகமான்னு, கால் எப்படின்னு."

"அது கடிதத்தோட தலைப்பு. எல்லாரும் எழுதுறது. அது கேள்வியா?"

பிறகு ஜூலையில் அக்கா உனக்கு என்ன எழுதினார்கள், நீ அவர்களுக்கு என்ன பதில் எழுதினாய் என்று குடைந்தாள். நானும் முட்டாள்தனமாக, கத்தரியால் வெட்டவா என்று கேட்டதைச் சொல்லி உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். "யாருக்கும் காட்டாதேன்னு எழுதியிருக்காங்க. எனக்குக் காட்டுற. அவங்க இப்படி எழுதினதுக்கு நீ கத்தரிக்கோல் கேட்டியா?" என்றாள். மோதிரத்தைக் கழற்றவில்லை, ஆனால் அக்டோபரைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டாள். "கொழுப்பு விஷயத்துல எனக்குச் சந்தேகம் இல்ல. உன் விஷயத்துலதான் இருக்கு."

நீயே சொல், இது நியாயமா? ஆறு மாதம் கொழுப்பு, கொழுப்பு என்று என்னை அலைக்கழித்தவர்கள் இவர்கள். நான் என்ன, சும்மாவா கேட்டேன்? என் கல்யாணம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது வரி வந்துவிட்டது, அப்பாவுக்குத் திருப்தி, சபைக்குத் திருப்தி, பெண்ணுக்கு மட்டும் இல்லை.

அவள் நாளை மறுநாள் பஸ்ஸில் உன்னைப் பார்க்க வருகிறாள். என்னைக் கூட வர வேண்டாம் என்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாகப் பேசி அனுப்பு.

லிப்ராதோ


சாந்தா ரீத்தா
ஆகஸ்டு 29

தம்பி லிப்ராதோ,

இந்த முறை நீ சுகமா என்று கேட்கவில்லை. பரவாயில்லை, கேட்டிருந்தால் நானும் வழக்கம்போல நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருப்பேன்.

தோர்காஸ் வந்து பத்து நாள் ஆகிறது. பையைக் கீழே வைத்ததும் கையைக் கழுவிவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். கொழுப்பைப் பற்றியும் பேசவில்லை, உன்னைப் பற்றியும் பேசவில்லை. மூன்றாவது நாள், "அக்கா, ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டாள். பதினைந்து மாதமாக யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்தது நிற்கவில்லை. பயறு அடிப்பிடித்துப் போய் அன்று கடையையே மூட வேண்டியதாயிற்று.

நாபோரின் சித்தப்பா மகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து இரண்டு கிலோ கொழுப்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனான். இனி வாங்குவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. கேட்கிறவர்களுக்குக் கொழுப்பில் ஒரு வாணலி, உங்களுக்கு எண்ணெயில் ஒரு வாணலி. இரண்டையும் கலக்கமாட்டேன் என்று உன் மாமனாரிடம் சொல். அவரை நான் மாமனார் என்றுதான் எழுதுகிறேன், தோர்காஸ் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. தேதியைப் பற்றி நான் கேட்டதற்கு, "அவர் இங்க வரட்டும் அக்கா, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அவள் உன்மேல் கோபித்ததற்கு நீ என்னிடம் நியாயம் கேட்டிருக்கிறாய். எனக்கும் உன்மேல் கோபம்தான். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். என் மசியலைப் பற்றி நீ கவலைப்பட்ட அளவுக்கு என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானும் உன்னிடம் பொய் சொன்னேன், அதனால் அதிகம் பேச எனக்கு வாய் இல்லை.

நான் சுகமாக இல்லை. கால் முழங்கால்வரை வீங்கியிருக்கிறது. ராத்திரியில் வாசல் பக்கம் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பந்தியில் நீ சொன்னது பலித்துவிட்டது என்று ஊர் முன்னால் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அதுகூட இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பதில் எழுதாதே. வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

அக்கா